காய்ச்சல் இல்லையா, பெரட்டுக்குப் போ

பால்மரத்து மகள்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 32 வருடம் பால் வெட்டியவர் என் அம்மா. போன மாதம் அவரை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போனேன். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, ஏறிக் கிடந்தது. இளவயது மலாய்ப் பெண் டாக்டர். தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, "ஆன்ட்டி, உங்களுக்கு இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார்.

வெளியே வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "இந்தப் பிள்ளை படித்ததுதானா? என்னைக் கேட்கிறதே!"

சிரித்துவிட்டேன். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரிதான். விடியுமுன் டிரெஸ்ஸர் என்கிற மருத்துவ உதவியாளர் முன்னால் வரிசை. வாயில் தெர்மாமீட்டர். சூடு இருந்தால் விடுப்புச் சீட்டு. இல்லாவிட்டால் வாளியோடு பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு. முதுகுவலி, தலைசுற்றல் எல்லாம் நோய்க் கணக்கிலேயே வராது. 1951இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். நோயாளி என்பது சமூகம் தரும் ஒரு வேடம். வேலையிலிருந்து விடுப்பு உண்டு; ஆனால் மருத்துவர் ஒப்ப வேண்டும், சொன்னதைக் கேட்டுக் குணமாகவும் வேண்டும். அவர் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காலை நின்றிருந்தால் பாதி உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

இனிப்பு நீர் இந்த வேடத்துக்குள் அடங்காத நோய். சுடாது, வேலைக்குப் போவதையும் தடுக்காது, முழுதாகத் தீரவும் தீராது. அதனால்தான் அம்மா இத்தனை வருடமும், "எனக்கு நோய் ஒன்றுமில்லை, இனிப்பு மட்டும்தான்" என்றே சொல்லிவந்தார்.

டிரெஸ்ஸர் மகன்:
அக்கா, என் அப்பாவுக்காக ஒரு வார்த்தை. ஒரே நாளில் சீட்டு அதிகம் போனால் துரை கூப்பிட்டு விசாரிப்பார். அப்பாவும் சம்பளக்காரர்தானே. அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, உண்மை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எந்த லயத்து வரிசை வீட்டில் யார் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடிக்கிறார், சம்பளத்துக்கு முந்தின வாரம் எந்த வீட்டில் அரிசி தீர்ந்துபோகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெரிந்து என்ன பயன்? கையில் இருந்தது காய்ச்சல் மருந்து. இன்றைய டாக்டருக்கு நம் வீடு தெரியாது. இனிப்பு நீருக்கான வைத்தியமோ முழுக்க நம் அடுப்படியில் நடக்கிறது. கேட்காமல் அவர் எப்படி வைத்தியம் செய்வார்?

அது சரி, அம்மா என்ன பதில் சொன்னார்கள்? அதை விட்டுவிட்டீர்களே.

மூன்றாம் லயம்:
எனக்கு இந்தக் கேள்வி கேட்கும் வைத்தியத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. "ஊசியா, மாத்திரையா, நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று என் அண்ணனிடம் ஓரிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. அண்ணன் நேரே போய்க் கோயில் கமிட்டித் தலைவரைக் கேட்டு முடிவெடுத்தார்! 1969இல் எனிட் பாலின்ட் நோயாளி மைய மருத்துவத்தைப் பற்றி எழுதியபோது, நோயை மட்டும் பார்க்காமல் ஆளை முழுதாகப் புரிந்துகொள்ளச் சொன்னார். முடிவை நோயாளி தலையில் கட்டிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடுவதற்கும் இப்போது அதே பெயர். 2019 தேசிய ஆய்வின்படி இந்நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். இத்தனை பேரிடமும் உட்கார்ந்து பேச எத்தனை டாக்டர் வேண்டும்?

பால்மரத்து மகள்:
தம்பி கேட்டதற்கு: "தோட்டத்தை விட்டு வந்த பிறகுதான் வந்தது" என்றார் அம்மா. தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு மாறிப் பதினொரு வருடமாகிறது. அங்கே ஒரு காலையில் ஐந்நூறு மரத்தைச் சுற்றி வந்தவர், இங்கே கேட்டைத் தாண்டுவதில்லை. கூட நடக்க ஆளில்லை என்பார். டாக்டர் தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினார்.

அன்றிலிருந்து, அந்தப் பிள்ளை என்ன எழுதியது என்று அம்மா துளைத்தெடுக்கிறார். கிளினிக் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். மாத்திரை அளவும் அடுத்த தேதியும்தான் இருக்கின்றன.