14 பேரிடம் ராஜினாமா எழுதி வாங்கச் சொல்கிறார் எம்.டி. எதை மறுக்கலாம்?

கோவை எச்.ஆர்.:
பம்ப் ஆலை, நிரந்தரத் தொழிலாளர் 180 பேர். ஆர்டர் குறைந்ததால் மெஷின் ஷாப்பில் 14 பேரைக் குறைக்க முடிவாகிவிட்டது. சம்பளம் அதிகம் என்பதால் சீனியர்களாகப் பார்த்து ராஜினாமா வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, முடிவை நிறுத்தும் அதிகாரமும் இல்லை.

லேபர் லா:
ஆட்குறைப்பு வேண்டுமா என்பது நிர்வாக முடிவு. வாதாடலாம், தோற்கலாம். மிரட்டி ராஜினாமா வாங்குவது வேறு, அதற்கு மட்டும் உடன்படாதீர்கள். நியாயம் பேசினால் எம்.டி. காதில் ஏறாது, கணக்கைக் காட்டுங்கள்.

அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 20,800 ரூபாய், சர்வீஸ் 11 வருடம் 7 மாதம் என்று வையுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டியதால் 12 வருடக் கணக்கு. இழப்பீடு வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம்: 20,800 ÷ 30 × 15 = 10,400, அதாவது 10,400 × 12 = 1,24,800. ஒரு மாத நோட்டீஸ், இல்லையேல் அதற்கு 20,800. கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. அதற்கு மட்டும் 30-க்குப் பதில் 26-ஆல் வகுக்க வேண்டும்: 20,800 ÷ 26 × 15 = 12,000, அதாவது 12,000 × 12 = 1,44,000. இந்த இரண்டு வகுத்தலையும் அக்கவுன்ட்ஸில் அடிக்கடி குழப்புவார்கள், நீங்களே சரிபாருங்கள்.

ராஜினாமா என்றாலும் கிராஜுவிட்டி கொடுத்தே ஆக வேண்டும். எம்.டி. மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இழப்பீடும் நோட்டீஸ் சம்பளமும் சேர்த்து ஆளுக்கு 1,45,600, மறுதிறன் நிதிக்கு (ஆட்குறைப்பானவர் புதுத் திறன் கற்க) நிறுவனம் கட்டும் 15 நாள் சம்பளம் இதுபோக. 14 கடிதமும் ஒரே தேதியில் ஒரே வாசகத்தில் இருந்தால் தொழிலாளர் வழக்கில் என்ன பதில் சொல்வார் என்று கேளுங்கள். தோற்றால் வேலையும் திரும்பக் கொடுத்து, இடைக்காலச் சம்பளமும் கட்ட வேண்டி வரலாம்.

2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி 300 பேருக்குக் கீழே என்றால் முன் அனுமதி வேண்டாம். அரசுக்குத் தகவல் போக வேண்டும். இழப்பீட்டை விலக்கும்போதே கொடுங்கள். ‘செக் அடுத்த வாரம்’ என்றால் ஆட்குறைப்பே செல்லாமல் போகும்.

ஷிப்ட் பி:
சீனியரைப் பொறுக்குவதும் சட்டப்படி நிற்காது. அந்தந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில். டர்னர் பட்டியல் தனி, ஃபிட்டர் பட்டியல் தனி. மாற்றினால் காரணத்தை எழுத்தில் வையுங்கள். ‘சம்பளம் அதிகம்’ ஒரு காரணம் ஆகாது.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. ஈஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) ஆட்குறைப்பானவருக்கு வேலையிழப்பு உதவித்தொகை உண்டு, இரண்டு வருடச் சந்தா இருந்தால். ராஜினாமா என்று பதிவானால் அது போச்சு. கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்த நேரத்தில் இது தெரியாது.

பட்டியல் போடுவதற்கு முன்பு ஓவர்டைம், கான்ட்ராக்ட் ஆள் கணக்கை எடுங்கள். அதே மெஷின் ஷாப்பில் ஓவர்டைம் ஓடிக்கொண்டிருந்தால் 14 என்ற எண்ணே சந்தேகம்.

பிளான்ட் மேனேஜர்:
ஆட்சேபத்தை ஒரே பக்கத்தில் மெயிலாக அனுப்புங்கள். செலவு, சட்டச் சிக்கல், மாற்று வழி. குற்றம்சாட்டும் தொனி வேண்டாம். அதன்பிறகும் ராஜினாமாதான் என்றால், ‘இதை நான் செய்ய மாட்டேன்’ என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். வேலையை விடுவது கடைசி வழி. நீங்கள் போனால் அந்த இடத்துக்கு வருபவர் கேள்வி கேட்காமல் வாங்கிக் கொடுப்பார்.

கோவை எச்.ஆர்.:
பெயர்களை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடலாமா? குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டும் நேரம்.

பிளான்ட் மேனேஜர்:
தனியாகக் காதில் போடாதீர்கள். ஒருவருக்குச் சொன்னால் மாலைக்குள் ஷாப் முழுக்கப் பரவும், தவறான பெயர்களும் சேர்ந்து. பணிமூப்புப் பட்டியலை ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள், யார் எந்த இடம் என்று அவரவரே பார்த்துக்கொள்வார்கள். தேதி தவறாக இருந்தால் அப்போதே ஆட்சேபமும் வரும்.

சொல்லும் நாளில் ஒவ்வொருவராக, உட்கார வைத்து. கடிதம், செட்டில்மென்ட் கணக்கு இரண்டும் தமிழில். செக்யூரிட்டியைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு வருடத்துக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் இவர்களுக்கு முன்னுரிமை உண்டு, அதையும் கடிதத்திலேயே எழுதுங்கள்.