சேத்துப்பட்டு டிபி சென்டரில் வேலை பார்த்தவர்களே, அக்காவின் படம் இருக்கிறதா?

எல்லாருக்கும் வணக்கம். நம் ஹெல்த் விசிட்டர் அக்கா போன மாதம் தவறிவிட்டார். வீட்டார் விரும்பாததால் பெயர் போடவில்லை. ‘மாத்திரை அக்கா’ என்றாலே தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் நோயாளி வீட்டு வாசலில் நின்று, மீதி மாத்திரையை எண்ணி, சிறுநீர்ச் சோதனைக்கும் வாங்கி வருவாரே, அவரேதான். கோபித்துக்கொண்டவர்கள்கூடக் கடைசியில் காபி போட்டுக் கொடுப்பார்கள்.

1956-ல் தொடங்கிய நம் சென்டர், காசநோய்க்கு சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. அந்த வழி நிலைத்தது இப்படிப் படியேறி இறங்கியவர்களால்தான். கட்டுரைகளில் என்னவோ டாக்டர்கள் பெயர்தான் வரும்!

அவர் மகளுக்கு ஒரு ஆல்பம் செய்து கொடுக்க ஆசை. பொங்கல் விழா, பிரிவுபசாரம், ஜீப்பில் ஃபீல்டுக்குப் போனது என்று எந்தப் படம் இருந்தாலும் அனுப்புங்கள். நோயாளி முகம் தெரிகிற படம் மட்டும் வேண்டாம். நினைவில் உள்ளதை நாலு வரி எழுதினாலும் சரி, வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் சரி.

இன்னொன்று: என்னிடம் பழைய நெகட்டிவ் சுருள்கள் இருக்கின்றன. சென்னையில் அவற்றை நன்றாக ஸ்கேன் செய்து தரும் கடை யாருக்காவது தெரியுமா?