புதுப்பிப்பு: அண்ணனின் தட்டணுக் குறைவுக்குக் காரணம் தெரிந்தது

எச்.ஐ.வி. தொற்றுள்ள என் அண்ணனுக்கு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 38,000 ஆக இறங்கியிருப்பதற்கு, அந்த வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைகள்தாம் காரணமோ என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். குறைந்தது 1,50,000 இருக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப்பின் பாளையங்கோட்டையில் காய்ச்சல் பரவியிருந்ததால் டெங்கு என்றே வீட்டில் நினைத்தோம். ஆனால் அண்ணனுக்குக் காய்ச்சல் இல்லை; கணுக்காலில் கடுகளவு செம்புள்ளிகள், அழுத்தினாலும் மறையாமல் இருந்தன.

மருத்துவர் முதலில் அந்த எண்ணிக்கையையே சந்தேகித்தார். இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் உறையாமலிருக்கச் சேர்க்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சிலருடைய தட்டணுக்களைத் திரளச் செய்வதால் கருவி குறைத்து எண்ணிவிடக்கூடும் என்று விளக்கி, அதற்குப் பதிலாகச் சிட்ரேட் சேர்த்த குழாயில் மறுபடி இரத்தம் எடுத்து, நுண்ணோக்கியிலும் பார்த்தார். குறைவு உண்மைதான். சிறு இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்தான நோயைக் காட்டக்கூடிய சிதைந்த சிவப்பணுக்கள் தென்படாதது பெரிய ஆறுதல். டெங்கு, ஹெபடைட்டிஸ் பி, சி, வைட்டமின் பி12 குறைபாடு, மண்ணீரல் வீக்கம் எதுவும் இல்லை.

இரத்தத்தில் எச்.ஐ.வி. வைரஸ் அளவு மட்டும் மிக உயர்ந்திருந்தது. சங்கரன்கோவிலுக்கு விசைத்தறி வேலைக்குச் சென்ற நான்கு மாதங்களும் மாத்திரையை விட்டிருந்ததாக அண்ணன் அப்போதுதான் சொன்னார். கட்டுப்படாத வைரஸ், தட்டணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைச் செல்களைப் பாதிப்பதோடு, உடலின் எதிர்ப்பாற்றலே தட்டணுக்களை அழிக்கவும் தூண்டுகிறது. அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். மாத்திரையை மீண்டும் தொடங்கி ஆறு வாரங்களாகின்றன. நேற்றைய எண்ணிக்கை 92,000.