ரீப்பர்ல கிளிக் சத்தம் ஹெட்போனுக்கு மட்டும் போகணும், ரெண்டு பேருக்கு ரெண்டு அளவுல

மாடிரூம்_ரெக்கார்டிங்:
வணக்கம் மக்களே. மாடி ரூம்ல சின்னதா செட்டப் வச்சிருக்கேன், ரீப்பர் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்), நாலு அவுட்புட் இன்டர்ஃபேஸ் (மைக், ஹெட்போனை கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி), அதுல ரெண்டு ஹெட்போன் ஜாக் (ஒண்ணுல அவுட்புட் 1/2 வரும், இன்னொண்ணுல 3/4). போன ஞாயித்துக்கிழமை ஒரு அம்மன் பாட்டு எடுத்தோம், பாடுற அக்கா ரூமுக்குள்ள, மிருதங்கம் வாசிக்கிறவர் ஹால்ல, ரெண்டு பேருக்கும் தாளத்துக்கு ஹெட்போன்ல டிக் டிக்னு கிளிக் சத்தம். அவர் "கிளிக்கே கேக்கல தம்பி, ஏத்து ஏத்து"ங்கிறார், ஏத்துனா அக்கா "காது கிழியுதுடா"ன்னு ஹெட்போனைக் கழட்டி வச்சிடுறாங்க. மேல இருக்க மெட்ரோனோம் பட்டன்ல ஒரு வால்யூம் வச்சா ரெண்டு பேருக்கும் அதேதான். சரின்னு இன்சர்ட் மெனுல கிளிக் சோர்ஸ் போட்டேன், தனி டிராக்ல வந்துச்சு. ராத்திரி 2 மணிக்கு ரெண்டர் பண்ணி (பாட்டை ஒரே ஃபைலா ஆக்கி) அனுப்பிட்டு தூங்கிட்டேன். காலைல பாட்டு கேட்டவர் போன் பண்ணி, "தம்பி, பாட்டு பூரா யாரோ ஆணி அடிக்கிறாங்களே"ங்கிறார். மானம் போச்சு. எங்க தப்பு பண்ணேன்?

பஸ்_டிரைவர்:
ஆணி அடிச்சது நீங்கதான் ப்ரோ 😄 அந்த பட்டன்ல வர்ற மெட்ரோனோம் ரெண்டர்ல வராது, ஆனா கிளிக் சோர்ஸ் சாதாரண ஆடியோ ஐட்டம் மாதிரிதான், டிராக் மாஸ்டருக்கு (எல்லா டிராக்கும் கலந்து வெளிய போற இடம்) போச்சுன்னா அதுவும் கூடவே போகும். கிளிக் டிராக்கோட ரூட்டிங் பட்டனை அமுக்கி மாஸ்டர் சென்ட் டிக்கை எடுத்துடுங்க. முக்கால்வாசி பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும்.

இப்ப ரெண்டு பேருக்கு ரெண்டு அளவு. ரீப்பர்ல பஸ்ஸுன்னு (பல டிராக் சத்தம் ஒண்ணா சேருற இடம்) தனி ஐட்டம் எதுவும் கிடையாது, எந்த டிராக்கும் பஸ் ஆகலாம். புதுசா ஒரு டிராக் போட்டு "மிருதங்கம் க்யூ"ன்னு (அவர் ஹெட்போனுக்கு மட்டும் போற கலவை) பேர் வைங்க, அதுலயும் மாஸ்டர் சென்ட் ஆஃப், ஹார்ட்வேர் அவுட்புட் 3/4. குரல், மிருதங்கம், தம்புரா எல்லாத்துலருந்தும் அதுக்கு சென்ட் (சத்தத்தோட ஒரு நகல்) குடுங்க, ப்ரீ ஃபேடர்ல (ஃபேடர்ங்கிற வால்யூம் பட்டைக்கு முன்னாடியே) குடுங்க, போஸ்ட்ல குடுத்தா நீங்க மிக்ஸுக்காக ஃபேடரை இழுக்குறப்பல்லாம் அவர் காதுல அளவு மாறும், பாதி வாசிப்புல நிறுத்திட்டு உங்களை முறைப்பார். கிளிக்ல இருந்தும் அந்த க்யூவுக்கு நல்லா சத்தமா ஒரு சென்ட். அக்காவுக்கு 1/2ல மாஸ்டரே வருதுல்ல, அதனால கிளிக் டிராக்ல இருந்து நேரா ஹார்ட்வேர் அவுட்புட் 1/2க்கு மைனஸ் 18 டிபி மாதிரி கம்மியா விடுங்க. அது மாஸ்டரைத் தொடாது, ரெண்டர்லயும் வராது. ரெக்கார்ட் பண்றப்ப ஸ்பீக்கரை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, அதுவும் 1/2 தானே.

இன்னொண்ணு, ஏதாவது டிராக்கை சோலோ பண்ணா (அதை மட்டும் தனியா கேட்டா) கிளிக் காணாம போயிடும். கிளிக் டிராக் சோலோ பட்டன்ல ரைட் கிளிக் பண்ணா சோலோ டிஃபீட்னு (வேற டிராக்கை சோலோ பண்ணாலும் இது அடங்காது) இருக்கும், அதைப் போட்டு வைங்க, க்யூ டிராக்குக்கும் போட்டுடுங்க.

கண்டன்சர்_காதலன்:
மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா அக்காவோட மைக்குல ஹெட்போன்ல இருந்து கிளிக் கசியுதான்னு, கிளிக் டிராக்கை மியூட் பண்ணிட்டு குரலை மட்டும் சோலோ போட்டுக் கேட்டுப் பாருங்க. எனக்கு ஒரு தடவ பாட்டு முடியுற இடத்துல, கடைசி ஸ்வரம் நீண்டு அடங்குற அந்த மூணு செகண்ட்ல டிக் டிக்குன்னு உக்காந்துடுச்சு, எந்த பிளகின் போட்டும் போகல, மறுபடி பாட வச்சேன். இப்ப கடைசி அடி வந்ததும் கிளிக் டிராக்கை ஆட்டோமேஷன்ல மியூட் பண்ணிடுவேன். கீச்சுன்னு வர்ற பீப்பை மாத்தி மரக்கட்டை தட்டுற மாதிரி சத்தம் வைங்க, மூடுன டைப் ஹெட்போன் குடுங்க. ப்ளூடூத் மட்டும் வேணாம், லேட்டா கேக்கும், பாடவே முடியாது.

மாடிரூம்_ரெக்கார்டிங்:
அண்ணா ரெண்டு பேருக்கும் கோடி நன்றி, க்யூ டிராக் போட்டு டெஸ்ட் பண்ணேன், 3/4ல கிளிக் கும்முன்னு வருது, ரெண்டர்ல சுத்தமா இல்ல. அடுத்த பாட்டு மிஸ்ர சாப்பு (ஏழு அக்ஷர தாளம்). 7/8னு மாத்துனதும் கிளிக் ரெண்டு மடங்கு ஸ்பீடா ஓடுது, டெம்போ 120 தான் வச்சிருக்கேன், ஏன்?

ஏழு_அக்ஷரம்:
ரீப்பர்ல பிபிஎம் (டெம்போ, நிமிஷத்துக்கு எத்தனை தட்டுன்னு) வழக்கமா கால் நோட்டுக்குத்தான் கணக்கு. 7/8ல கிளிக் அரைக்கால் நோட்டுக்கு ஒண்ணு விழும், அதனால 120 வச்சா நிமிஷத்துக்கு 240 தட்டு. உங்களுக்கு 120 தட்டு வேணும்னா டெம்போவை 60 ஆக்குங்க. அப்புறம் முதல் தட்டுல மட்டும் அழுத்தம் வச்சா மிருதங்கக்காரருக்கு உதவாது, தகிட தகதிமின்னு 3+2+2ஆ பிரிச்சு 1, 4, 6ல அழுத்தம் குடுங்க, டைம் சிக்னேச்சர் மார்க்கர்ல மெட்ரோனோம் பேட்டர்ன்னு இருக்கும். ரெக்கார்டிங்குக்கு முன்னாடி ரெண்டு ஆவர்த்தனம் (தாளத்தோட முழு சுத்து) கவுண்ட் இன் வைங்க, அவர் தொடையில தட்டிப் பார்த்துட்டு உள்ள வருவார்.

மாடிரூம்_ரெக்கார்டிங்:
60 வச்சேன், சரியா இருக்கு. அக்கா இப்ப கிளிக்கே வேணாம், மிருதங்கம் கேட்டாலே போதும்ங்கிறாங்க 🙄 1/2 சென்டை மியூட் பண்ணிட்டேன்.