ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சி ஹலாலா?

சிராங்கூன்வாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். உயிரணுக்களிலிருந்து வளர்த்த கோழி இறைச்சியை விற்க 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அனுமதி அளித்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கப்படாத இதை நாம் உண்ணலாமா? கல்லூரியில் படிக்கும் மகள் கேட்கிறாள். ஆதாரத்தோடு பதில் சொல்ல விரும்புகிறேன்.

நாகூரார்:
வ அலைக்குமுஸ்ஸலாம். முதல் உயிரணு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதில்தான் இந்த மஸ்அலாவே (மார்க்கச் சட்டக் கேள்வியே) நிற்கிறது. மதீனாவில் உயிருள்ள ஒட்டகத்தின் திமிலையும் ஆட்டின் கொழுத்த வாலையும் அறுத்துத் தின்னும் வழக்கம் இருந்தபோது, உயிருள்ள பிராணியிலிருந்து வெட்டப்பட்டது செத்ததே என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாகத் திர்மிதீ என்ற நபிமொழித் தொகுப்பில் ஹதீஸ் உள்ளது. உயிருள்ள பிராணியிலிருந்து உயிரணு எடுத்து வளர்த்த இறைச்சி நஜீஸ் (அசுத்தம்), ஹராம் என்று இந்தோனேசியாவின் நஹ்தத்துல் உலமா என்ற முஸ்லிம் அமைப்பு 2021இல் முடிவு செய்தது. முறைப்படி அறுக்கப்பட்ட பிராணியிலிருந்து எடுத்திருந்தால் இந்தத் தடை எழாது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழுவும் 2024இல், உயிரணு ஹலாலான பிராணியுடையதாகவும் சேர்மானங்கள் ஹலாலாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. ஆகவே தயாரிப்பாளரிடம் மூலத்தைக் கேட்காமல் பொதுவாக ஹலால் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

திருச்சி ராவுத்தர்:
உயிரணுக்கள் வளரும் ஊட்டக் கரைசலையும் பாருங்கள். உயிரணுக்களை வளர்க்க நெடுங்காலமாகப் பயன்படுவது, சினைப்பசுவை அறுத்தபின் கருவிலிருந்து எடுக்கும் இரத்தத்தின் சீரம். ஓடும் இரத்தத்தைக் குர்ஆன் (6:145) விலக்கியிருக்கிறது. அந்த இரத்தம் முற்றிலும் வேறு பொருளாக மாறிவிட்டது, அதாவது இஸ்திஹாலா நிகழ்ந்துவிட்டது என்று வாதிட எங்கள் ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) இடம் அதிகம். ஷாஃபிஈ மத்ஹபிலோ, மது தானாகக் காடியாவது போன்ற சிலவற்றுக்கே அது பொருந்தும். என்னைக் கேட்டால், மாறிவிட்டது என்று வாதாடுவதைவிடச் சீரமே சேர்க்காத இறைச்சியைத் தேடுவது பேணுதலானது.

சிராங்கூன்வாசி:
ஜஸாக்கல்லாஹ் கைர். மீனின் உயிரணுவை வளர்த்தாலும் இதே சட்டம்தானா?

நாகூரார்:
மீனுக்கு அறுப்பு நிபந்தனையே இல்லை. செத்த மீனும் ஹலால் என்பதால், உயிரோடு இருக்கும்போது எடுத்த உயிரணுவுக்கும் மேற்சொன்ன தடை வராது. ஆனால் ராவுத்தர் பாய் எழுப்பிய சீரம் பற்றிய கேள்வியை அங்கேயும் கேட்டே ஆக வேண்டும்.