பழைய ஆண்ட்ராய்டு போனை பாக்ஸ், சார்ஜரோடு விற்கணும்: என்னென்ன பார்க்கணும்?

கேள்வி: பில், பாக்ஸ், ஒரிஜினல் சார்ஜர் எல்லாம் இருக்கு. நேரா ரீசெட் போட்டுக் கொடுத்தா போதுமா நண்பர்களே?

பதில் 1: போதாது. முதல்ல செட்டிங்ஸ்ல கூகுள் அக்கவுன்ட்டை நீக்குங்க, ஸ்கிரீன் லாக்கையும் எடுத்துடுங்க. அப்புறம்தான் ஃபேக்டரி ரீசெட். அக்கவுன்ட்டை நீக்காம ரெகவரி மெனு (போனை ஆஃப் பண்ணிட்டு பட்டன்களை அழுத்தித் திறக்குறது) வழியா அழிச்சா, வாங்கினவர் ஆன் பண்ணும்போது பழைய ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்டு நிக்கும். இதெல்லாம் செய்யறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப் பேக்கப் எடுங்க. சிம்மோட மெமரி கார்டையும் கழட்டுங்க. பல போன்ல ரெண்டும் ஒரே டிரேயில இருக்கும், மறந்துபோகும்.

பதில் 2: *#06# அடிச்சா வர்ற ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பாக்ஸ்லயும் பில்லுலயும் இருக்குற எண்ணோட ஒத்துப்போகணும். வாங்குறவர் மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல அதைச் சரிபார்க்கலாம். ஒரிஜினல் சார்ஜரைக் கண்டிப்பா சேர்த்துக் கொடுங்க. பல கம்பெனி போன்ல வேற அடாப்டர் போட்டா ஃபாஸ்ட் சார்ஜ் ஏறாது, ‘பேட்டரி போச்சு’ன்னு விலையைக் குறைப்பாங்க. பழைய கவர், டெம்பர்டு கிளாஸுக்கு விலை கிடைக்காது, சும்மா கொடுத்துடுங்க. பின்மூடி லேசா உப்பியிருந்தா பேட்டரியை மாத்தாம விற்கவே கூடாது, அது ஆபத்து.

பதில் 3: பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போடச் சொன்னா மோசடிதான். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாம, பேங்க் கணக்குல ஏறினதைப் பார்த்துட்டு போனைக் கொடுங்க. ஐஎம்இஐ, தேதி, ரெண்டு பேர் கையெழுத்தோட ஒரு சீட்டும் எழுதி வெச்சுக்கோங்க.