ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஆலய ஊழியர்களுக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி: எதில் தொடங்குவது?

கேள்வி: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் உள்ள எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) ஞாயிறு பள்ளிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மே மாதம் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு (வி.பி.எஸ்.) நூற்றைம்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் வருவார்கள். அவர்களில் கணிசமானோர் வேறு சமயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆலயம்தானே என்ற நம்பிக்கையில் பெற்றோர் அனுப்பிவைக்கிறார்கள். பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களும் இளம் ஆசிரியைகளும். சம்பளம் பெறுபவர்கள் என்றால் குருவானவருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியார், ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்குட்டியார், வேன் ஓட்டுநர், அலுவலக உதவியாளர் என்று நான்கைந்து பேர்தான்.

இந்த ஆண்டு வி.பி.எஸ். தொடங்குவதற்கு முன் இவர்கள் அனைவருக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று நடத்த வேண்டும் என்று சேகரக் கமிட்டியில் கேட்டேன். குருவானவர் உடனே சம்மதித்தார். மூத்த உறுப்பினர்கள் சிலர்தான் தயங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு நல்ல தொடுதல், தவறான தொடுதல் சொல்லிக் கொடுத்தால் போதுமே, ஆண்டுக்கணக்காக ஊழியம் செய்பவர்களை உட்காரவைத்து இதையெல்லாம் பேசினால் அவர்களைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள்.

எனக்குக் கிடைக்கப்போவது ஒரு சனிக்கிழமையின் அரை நாள். அதற்குள் எதை விடாமல் பேச வேண்டும்? சம்பளம் பெறாத தன்னார்வலர்களுக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டுமா? ஒரு பிள்ளை நம்மிடம் எதையாவது சொல்லிவிட்டால், முதலில் குருவானவரிடம் தெரிவிப்பதா, நேரே காவல் நிலையத்துக்குப் போவதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மறைக்கல்வி ஆசிரியை

சகோதரருக்கு வணக்கம். நான் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி (உங்கள் ஞாயிறு பள்ளி போன்றது) நடத்துகிறேன். எங்கள் பங்குப் பேரவையிலும் இதே தயக்கம் இருந்தது. பிள்ளைகளுக்குத் தொடுதலைப் பற்றிச் சொல்லித் தருவது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், ஏழு வயதுக் குழந்தை தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்று பாரத்தை அதன் தலையில் வைத்துவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வதாகிவிடும்.

யாரோ முகம் தெரியாதவன்தான் இதைச் செய்வான் என்ற எண்ணத்தை முதலில் கலைக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். ஆண் பிள்ளைகளைப் பற்றிக் கவலை இல்லை என்பதும் தவறு. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கும் சற்று அதிகமானோர் சிறுவர்கள்.

பயிற்சியைச் சொற்பொழிவாக நடத்த வேண்டாம் என்பது என் கருத்து. நாங்கள் சூழ்நிலைகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுத்தோம். ஒரு சீட்டில் இருந்தது இது: பாடற்குழுப் பயிற்சி முடிந்துவிட்டது, மழை பெய்கிறது, எல்லோரும் போய்விட்டார்கள், ஒரு சிறுமியை அழைத்துச் செல்ல மட்டும் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, பாடற்குழுவில் உள்ள அண்ணன் ஒருவர் தன் பைக்கில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறார். அந்த அண்ணன் நல்லவரா கெட்டவரா என்றுதான் முதலில் வாதாடினார்கள். சிறிது நேரம் கழித்து, அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் கேள்வி அதுவன்று என்பது அவர்களுக்கே பிடிபட்டது. பெற்றோரிடம் தொலைபேசியில் பேசுவது, அவர்கள் வரும்வரை இரண்டு பெரியவர்கள் சிறுமியோடு வராந்தாவில் இருப்பது என்று விதியை அவர்களே சொன்னார்கள். மேலிருந்து வந்த சுற்றறிக்கையாக இருந்திருந்தால் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பார்கள்.

எங்கள் திருச்சபையில் 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணையின்படி, புகார் பெறுவதற்கான ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும். 2023இல் அந்த ஆணை நிரந்தரமாக்கப்பட்டது. ஆனால் அது திருச்சபையின் உள் ஒழுங்கு. நாட்டின் சட்டப்படி செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட அதைக் காரணமாகக் காட்ட முடியாது.

பதில் 2: நீதிமன்ற வளாகம்

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் போக்சோ சட்டத்திலேயே (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) பதில் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தில் 18 வயது நிறையாத எவரும், ஆணோ பெண்ணோ, குழந்தைதான். அதன் 19ஆவது பிரிவு, குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் மட்டுமன்றி, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆதாரம் திரட்டிக்கொண்டு வரும்படி சட்டம் கேட்கவில்லை. குருவானவருக்கோ கமிட்டிக்கோ அந்தப் பிரிவில் தனி விலக்கும் எழுதப்படவில்லை. தெரிவிக்கத் தவறினால் 21ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழ் உள்ள ஒருவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் தண்டனை ஓராண்டு வரை போகும். உங்கள் கமிட்டியின் மூத்தவர்கள் இந்த ஒரு வரியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

குருவானவரிடம் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவரிடம் சொல்லிவிட்டதால் உங்கள் கடமை முடிந்துவிடவில்லை என்கிறேன். மகாராஷ்டிரத்தில் பள்ளி விடுதி ஒன்றின் பழங்குடிச் சிறுமிகள் துன்புறுத்தப்பட்டதை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று ஒரு மருத்துவர் மீது தொடரப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அந்த உத்தரவை நீக்கியதோடு, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்றும் கூறியது. இன்னொன்றும் கவனியுங்கள்: கல்வி நிறுவனத்தின் அல்லது சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்கே ஒரு குழந்தைக்கு இழைக்கும் பாலியல் வன்கொடுமையைச் சட்டம் கூடுதல் கடுமையான குற்றமாகத் தனியே வகைப்படுத்துகிறது.

சரிபார்ப்பைப் பொறுத்தவரை, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர்களின் பின்னணியைக் காவல்துறை வழியாக அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், அவர்களுக்குக் காலமுறைப் பயிற்சியும் தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. விதியின் வாசகம் ஊழியரைத்தான் குறிப்பிடுகிறது. ஆனாலும் வகுப்பறையில் பிள்ளையோடு உட்காருபவர் சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பது பிள்ளைக்கு ஒன்றுதான் என்பதால், தன்னார்வலர்களுக்கும் அதைச் செய்துவிடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிவிடவும் வேண்டாம். பதிவான வழக்கு ஏதும் இல்லை என்பதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்லாது.

பதில் 3: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பயிற்சிக்கு நான் எதிரி அல்லன். ஆயினும் இரண்டு கவலைகளைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முதலாவது, பொய்ப் புகார். ஆலயத் தேர்தல்களில் நடக்கும் கட்சிச் சண்டைகளை அறிந்தவர்கள், இந்தச் சட்டத்தை எதிரணிமீது ஏவமாட்டார்கள் என்று எப்படி நம்புவது? இரண்டாவது, குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனிமையில் பேசச் சொல்லும் வேதாகமத்தின் மத்தேயு 18ஆம் அதிகாரத்தை நாம் என்ன செய்வது?

பதில் 4: குழந்தைகள் நலப் பணியாளர்

ஐயாவின் முதல் கவலை நியாயமானதே. ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ பெரியவர் ஒருவர் பொய்ப் புகார் கொடுத்தால் அதற்கு 22ஆவது பிரிவில் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்கு 19ஆவது பிரிவே பாதுகாப்பும் தருகிறது. எது பொய், எது மெய் என்று விசாரிப்பது காவல்துறையின் வேலை. சேகரக் கமிட்டி அதைக் கையில் எடுத்தால் மெய்யான புகாரும் கெட்டுப்போகும்.

இரண்டாவது கவலைக்கு அதே அதிகாரத்தின் 6ஆவது வசனம் பதில் சொல்கிறது. சிறியவர் ஒருவருக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்று அங்கே சொல்லப்படுவதை ஐயா என்னைவிட நன்றாக அறிவீர்கள். சமமான இரண்டு பெரியவர்களின் மனத்தாங்கலுக்குச் சொன்ன வழியை, ஒரு குழந்தைக்கும் அதை வதைத்தவருக்கும் இடையில் பயன்படுத்தினால், முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டுக் குற்றவாளி தப்பிவிடுவார், குழந்தை மிரட்டப்படும். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஜெபம் செய்து, மன்னித்துவிடு என்று குழந்தையிடம் சொல்லி அனுப்பிய இடங்களை என் பணியில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆகவே சகோதரரே, உங்கள் அரை நாளில் பாதியைக் குழந்தை பேசும்போது என்ன செய்வது என்பதற்கே ஒதுக்குங்கள். குழந்தை முழுக் கதையாக வந்து சொல்லாது. அந்த வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும், அல்லது வேறொரு பிள்ளைக்கு நடந்ததைப் போலச் சொல்லிப் பார்க்கும். அப்போது அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் கேட்க வேண்டும். அந்த அண்ணன்தானா, இங்கேதான் தொட்டாரா என்று நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யவும் கூடாது, ஏனென்றால் அதை நம்மால் காப்பாற்ற முடியாது. உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லலாம். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு, அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லவைக்கக் கூடாது. கமிட்டியின் முன் நிறுத்தவே கூடாது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. பெற்றோருக்கு இதை விளக்கினாலே காவல் நிலையம் என்ற பயம் பாதி குறைந்துவிடும். என்ன செய்வதென்று புரியாத நேரத்தில் 1098 என்ற எண்ணுக்கு எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி, பயிற்சிக்கு ஒருவரை அனுப்பக் கேட்டுப் பாருங்கள்.

தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் நன்றி. 21ஆவது பிரிவை அச்சிட்டு அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வைக்கிறேன். இன்னும் ஒரு கேள்வி. வி.பி.எஸ். பகலில் நடப்பதால் சமாளித்துவிடலாம். டிசம்பரில் கீதபவனிக்கு (கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடிச் செல்லும் கேரல் பவனி) வாலிபர் சங்கத்தோடு சின்னப் பிள்ளைகளும் நள்ளிரவு தாண்டி வீடு வீடாகச் சுற்றுகிறார்கள். அதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில் 5: மறைக்கல்வி ஆசிரியை

எங்கள் பங்கில் பத்து வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் கூட வந்தால் மட்டுமே கேரல் வண்டியில் ஏறலாம். மற்றவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கிறோம். ஆண், பெண் என இரண்டு பொறுப்பாளர்களாவது ஒவ்வொரு வண்டியிலும் இருப்பார்கள். தனி பைக்கில் யாரும் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு உடை மாற்றும் அறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆலயத்தில் வெஸ்திரியைத்தான் (குருவானவர் அங்கி அணியும் அறை) அதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே தாய்மார்கள் இருவரை நிறுத்துங்கள், உள்ளே கைப்பேசிக்கு அனுமதி வேண்டாம். முதல் ஆண்டு முணுமுணுத்தார்கள். இப்போது பட்டியல் எங்கே என்று வாலிபர்களே கேட்கிறார்கள்.